சாமுவேல்: ஓர் எபிரெயப் பெயரின் பொருளைத் தேடிப் போகும் வழி

பிள்ளைக்குச் சாமுவேல் என்று பேர் வைக்கப்போகிறோம், அர்த்தம் என்ன என்று விசாரித்துப் பாருங்கள். பெயர்ப் புத்தகத்தைப் புரட்டியவர் "கடவுள் கேட்டார்" என்பார். தினமும் வேதம் வாசிக்கிற பாட்டி "கடவுள்கிட்ட கேட்டு வாங்கின பிள்ளை" என்பார். எபிரெயம் படித்த போதகர் "கடவுளுடைய பெயர்" என்பார். மூவரும் அடித்துச் சொல்வார்கள். ஒரே பெயருக்கு மூன்று பொருள் எப்படி வந்தது, அவற்றில் எது எந்த அளவுக்கு நிற்கும் என்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி. சாமுவேலை வைத்துச் செய்து காட்டுகிறேன். கையில் பழகிவிட்டால் வேறு எந்த எபிரெயப் பெயருக்கும் இதே முறை ஒத்துவரும்.

எபிரெயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தமிழ் வேதாகமமும், வசனத்துக்கு அடியில் எபிரெயச் சொல்லைக் காட்டும் ஒரு கைபேசிச் செயலியும் போதும். இலவசமாகவே பல கிடைக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ஸ்ட்ராங் எண்' என்று ஓர் எண் இருக்கும். 1890இல் வெளிவந்த ஸ்ட்ராங்கின் சொல்லடைவிலிருந்து வந்த எண் அது. சாமுவேலுக்கு 8050. எண்ணை வைத்துச் சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் போட்டிருக்கும் பொருளை உடனே நம்பிவிட வேண்டாம். ஏன் என்று பின்னால் வரும்.

முதல் படி: எழுத்தைப் பிரித்து எழுதுங்கள்

எபிரெய எழுத்துகளின் பெயர்கள் நமக்கு அந்நியமல்ல. தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைத் திறந்தால், எட்டு வசனத்துக்கு ஒன்றாக ஆலெப், பேத், கிமெல் என்று 22 எழுத்துகளும் தலைப்பாக நிற்கும். சிறு வயதில் அதை வாசிக்கும்போது என்ன ஏதென்று புரியாமல் தாண்டிப் போயிருப்போம். இப்போது அது உதவும்.

சாமுவேல் என்பது ஐந்து எழுத்து: ஷீன், மேம், வௌ, ஆலெப், லாமேட். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். உச்சரிப்பு 'ஷ்முஏல்' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும்.

மெய்யெழுத்துகள்தான் பழைய எலும்புக்கூடு. மேலும் கீழும் போடும் உயிர்ப்புள்ளிகள் பல நூற்றாண்டுகள் கழித்து, திபேரியா ஊர் அறிஞர்கள் வாய்வழி வாசிப்பு மறந்துபோகாமலிருக்கச் சேர்த்தவை. ஆகவே பொருள் தேடும்போது முதலில் மெய்களைப் பாருங்கள். ஒரு மெய் குறைந்தாலும் கூடினாலும் பெரும்பாலும் அது வேறு சொல்.

இரண்டாம் படி: கடவுள் பெயரைத் தனியே எடுங்கள்

எபிரெயப் பெயர்களில் பெரும்பகுதி ஒரு சின்ன வாக்கியம் அல்லது தொடர். அதில் கடவுளின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். 'ஏல்' என்று முடிந்தால் கடவுள்: தானியேல், எசேக்கியேல், யோவேல். 'யா' என்று முடிந்தால் இஸ்ரவேலின் கடவுளுடைய தனிப்பெயரின் சுருக்கம்: ஏசாயா, எரேமியா, நெகேமியா. முன்னாலும் வரும். எலியா என்ற பெயரில் இரண்டும் உண்டு, 'என் கடவுள் யா' என்று.

சாமுவேலில் கடைசி இரண்டு எழுத்து, ஆலெப்பும் லாமேடும், ஏல். அதை உருவிவிட்டால் மிஞ்சுவது ஷீன், மேம், வௌ. சண்டை முழுவதும் இந்த மூன்று எழுத்தின் மேல்தான்.

மூன்றாம் படி: பேரிட்ட கதையை வாசியுங்கள்

முதலாம் சாமுவேல் முதல் அதிகாரம். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷா வருஷம் சீலோவுக்குப் போகும்போதெல்லாம் பெனின்னாள் அவளைக் குத்திக்காட்டுவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். 'பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலில்லையா' என்று புருஷன் கேட்கிறான். அன்பாகத்தான் கேட்கிறான், ஆனால் அந்தக் கேள்வியை ஒரு ஆண் மட்டும்தான் கேட்பான். அவள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறான்.

பிள்ளை பிறக்கிறது. 20ஆம் வசனத்தில், "கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்" என்று சொல்லி சாமுவேல் என்று பேரிடுகிறாள். பாட்டி சொன்ன பொருள் இங்கிருந்து வருகிறது. தாயே சொன்ன பொருள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அவள் சொன்ன 'கேட்டேன்' எந்த வேர்ச்சொல் என்று செயலியில் தட்டிப் பாருங்கள். ஷீன், ஆலெப், லாமேட்: 'ஷாஅல்', யாசித்துக் கேட்பது. இந்த வேர் அந்த அதிகாரத்தில் ஏழு முறை வருகிறது: 17ஆம் வசனத்தில் இரண்டு, 20இல் ஒன்று, 27இல் இரண்டு, 28இல் இரண்டு. தமிழில் அது சில இடங்களில் 'விண்ணப்பம்' என்றும் 'ஒப்புக்கொடுத்தல்' என்றும் உருமாறிவிடுவதால் நம் காதில் அந்த அடி விழுவதில்லை. எபிரெயத்தில் கேட்பவருக்குப் பறைபோல ஒலிக்கும்.

நான்காம் படி: சொன்ன காரணமும் எழுத்தும் பொருந்துகிறதா?

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். ஷாஅல் என்ற வேரில் மேம் கிடையாது. சாமுவேலில் உண்டு. வேரில் ஷீனுக்கு அடுத்து ஆலெப். பெயரில் ஆலெப் கடைசியில், ஏலோடு சேர்ந்தது. 'கேட்டேன்' என்ற சொல்லிலிருந்து 'ஷ்முஏல்' நேராகப் பிறக்க வழியில்லை.

அப்படியானால் ஷாஅல் என்ற வேரிலிருந்து நேராகப் பிறக்கும் பெயர் எது? ஷீன், ஆலெப், வௌ, லாமேட்: ஷாஊல். நம் வேதாகமத்தில் 'சவுல்'. அதன் பொருள் 'கேட்கப்பட்டவன்'. இன்னும் வேடிக்கை, 28ஆம் வசனத்தில் அன்னாள் தன் மகனைப் பற்றிச் சொல்லும் கடைசி வார்த்தைகளில் அதே 'ஷாஊல்' எழுத்து மாறாமல் நிற்கிறது: அவன் கர்த்தருக்கு ஷாஊல். சாமுவேலின் பிறப்புக் கதையில் சவுலின் பெயர்!

இதைப் பார்த்த ஆய்வாளர்கள் சிலர், இது முதலில் சவுல் அரசனின் பிறப்புக் கதையாக இருந்து பிறகு சாமுவேலுக்கு மாற்றப்பட்டிருக்கலாம் என்றார்கள். சீலோவும் ஏலியும் சாமுவேலின் உலகம், சவுலுக்கு அங்கே வேலையில்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். எனக்கு இரண்டாம் தரப்புதான் சரியாகப் படுகிறது. கதை சொன்னவர் தெரிந்தே விளையாடுகிறார். ஒரு பெண் கடவுளிடம் பிள்ளையைக் கேட்கிறாள், கிடைக்கிறது. 8ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் ராஜாவைக் கேட்கிறார்கள், அதே வேர்ச்சொல். வருகிற ராஜாவின் பெயரே 'கேட்கப்பட்டவன்'. 28ஆம் அதிகாரத்தில் அந்த ராஜா கடவுளிடம் கேட்கிறான், மறுபடி அதே வேர், பதில் வரவில்லை. ஒரு வேர்ச்சொல்லை இத்தனை தூரம் நீட்டிப் பின்னிய எழுத்தாளருக்கு எழுத்து தெரியாமல் போயிருக்குமா?

(இன்னொன்றும் உண்டு. பாதாளத்துக்கு எபிரெயச் சொல் 'ஷெயோல்'. அதற்கும் ஷீன், ஆலெப், வௌ, லாமேட்தான், உயிர்ப்புள்ளி மட்டும் வேறு. அன்னாளின் பாட்டில் 2:6இல் அது வருகிறது. சாமுவேல் இறந்த பிறகு எந்தோர் என்ற ஊரில், குறிசொல்கிறவளிடம் அவனைக் கீழேயிருந்து எழுப்பச் சொல்பவன் சவுல்.)

பழைய காலத்தவருக்கும் இந்த உறுத்தல் இருந்தது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், 'கடவுளிடம் கேட்டுப் பெற்றவன்' என்று கிரேக்கத்தில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சின் நார்போனில் வாழ்ந்த டேவிட் கிம்ஹி என்ற உரையாசிரியர், 'ஷாஊல் மே-ஏல்', அதாவது கடவுளிடமிருந்து கேட்கப்பட்டவன் என்ற தொடர் சுருங்கி ஷ்முஏல் ஆனது என்று மேமுக்கு வழி கண்டுபிடித்தார். கெட்டிக்காரத்தனமான விளக்கம். ஆனால் மற்ற பெயர்கள் அப்படிச் சுருங்குவதில்லை.

பழைய ஏற்பாட்டில் பேரிடும் காட்சிகளுக்கு ஒரு பொது விதி இது: பெற்றவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒலியைத் தொட்டுப் பேசும் சிலேடை. நம் தலபுராணங்கள் ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மோசேக்கு 'ஜலத்திலிருந்து எடுத்தேன்' என்று பார்வோன் குமாரத்தி எபிரெயத்தில் காரணம் சொல்கிறாள். பெயரோ, 'பிறந்தவன், பிள்ளை' என்று பொருள்படும் எகிப்தியச் சொல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தூத்மோஸ், ராம்சேஸ் என்ற பெயர்களில் இருப்பதும் அதே சொல். கதையின் காரணத்தைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், இலக்கணம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: புத்தகப் பொருளைச் சோதியுங்கள்

'கடவுள் கேட்டார்' என்பது எங்கிருந்து வந்தது? எபிரெயத்தில் காதால் கேட்பதற்கு 'ஷாமா' என்று வேர்: ஷீன், மேம், ஆயின். ஷீனும் மேமும் சாமுவேலில் இருக்கின்றன. ஸ்ட்ராங்கின் சொல்லடைவும் இந்த வேரைத்தான் காட்டி, 'கடவுளால் கேட்கப்பட்டவன்' என்று பொருள் போட்டது. அங்கிருந்து பெயர்ப் புத்தகங்களுக்கும் இணையத்துக்கும் பரவியது.

ஆனால் ஆயின் எங்கே? ஆலெப்பும் ஆயினும் நமக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆலெப் தொண்டையில் ஒரு சின்னத் தடை. ஆயின் இன்னும் ஆழத்தில், அரபு பேசுபவர்கள் 'அலி' என்ற பெயரைத் தொடங்கும் இடத்திலிருந்து வருவது. 'வலி', 'வழி' இரண்டையும் ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி தட்டச்சு செய்துவிட்டு ஒன்றுதான் என்று வாதாடினால் எப்படியோ, அப்படித்தான் ஆலெப்பையும் ஆயினையும் கலப்பது.

'கேட்டார்' என்ற பொருள் உண்மையாகவே உள்ள பெயர்களை எடுத்துப் பாருங்கள். இஸ்மவேல், 'கடவுள் கேட்பார்': ஆயின் இருக்கிறது. சிமியோன்: இருக்கிறது. எலிஷாமா, செமாயா: இருக்கிறது. எல்லாவற்றிலும் பிடிவாதமாக நிற்கும் எழுத்து சாமுவேலில் மட்டும் ஓடிப்போனது என்று சொல்ல நல்ல காரணம் வேண்டும். கிடைக்கவில்லை. 'கடவுள் கேட்டார்' என்ற பொருளில்தான் பெயர் வேண்டுமென்றால் அது இஸ்மவேல்.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் தனியாக ஒரு வழுக்கல் உண்டு. எபிரெயத்தில் யாசிப்பது ஒரு வேர், செவிமடுப்பது இன்னொரு வேர். தமிழில் இரண்டுக்கும் 'கேள்' ஒன்றுதான். கடனும் கேட்போம், பாட்டும் கேட்போம். அன்னாள் "கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்" என்கிறாள். 3ஆம் அதிகாரத்தில், இரவில் கூப்பிடும் குரலுக்குச் சிறுவன் சாமுவேல் சொல்ல வேண்டிய பதிலாக ஏலி கற்றுத் தருவது, "கர்த்தாவே சொல்லும்; அடியேன் கேட்கிறேன்". தாயின் கேட்டலும் மகனின் கேட்டலும் தமிழில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. வாசிக்க அழகுதான். ஆனால் அந்த அழகு தமிழுடையது, எபிரெயப் பெயரின் பொருளை அதிலிருந்து எடுக்க முடியாது. பெயர்ப் புத்தகத்தின் பொருளும் பாட்டியின் பொருளும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றுவதும் இதனால்தான். ஒன்றில் கேட்பவர் கடவுள், மற்றதில் கேட்பவள் அன்னாள்.

ஆறாம் படி: பெயரின் உறவுக்காரர்களைத் தேடுங்கள்

மிஞ்சியது ஷீன், மேம், வௌ. ஷீனும் மேமும் சேர்ந்தால் 'ஷேம்', பெயர். நோவாவின் மகன் சேமின் பெயரும் இதே இரண்டு எழுத்துதான். அப்போது நடுவில் இருக்கும் 'உ'? எபிரெயத்தின் குடும்பமான பழைய செமித்திய மொழிகளில் எழுவாய்க்கு வரும் உகர விகுதியின் எச்சம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். வேறு பெயர்களிலும் அது தங்கியிருக்கிறது: பெனுவேல், 'கடவுளின் முகம்', பெத்துவேல், ரெகுவேல், 'கடவுளின் நண்பன்'. எல்லாம் ஒரே அச்சு. ஆக, ஷ்முஏல்: 'கடவுளின் பெயர்'. 'அவன் பெயர் ஏல்', அதாவது இந்தப் பிள்ளையின் கடவுள் ஏல் என்றும் சிலர் பிரிப்பார்கள். எழுத்து இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இதற்கு வெளிச்சாட்சியும் உண்டு. இன்றைய தென் ஈராக்கிலிருந்த லார்சா என்ற நகரை சுமார் கி.மு. 1894 முதல் 1866 வரை ஆண்ட, எபிரெயத்துக்கு உறவான மொழி பேசிய அமோரிய இனத்து அரசன் ஒருவன். ஆப்புவடிவ எழுத்தில் அவன் பெயர் 'சுமு-ஏல்'. அதே காலத்தில் பாபிலோனில் 'சுமு-அபும்', 'சுமு-லா-ஏல்' என்ற அரசர்கள். அமோரியர் பெயர்களில் 'சுமு' என்றால் பெயர். அன்னாளின் பிள்ளைக்கு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த அச்சில் பெயர் வைத்திருக்கிறார்கள். வேதாகமத்திலும் தீர்க்கதரிசி சாமுவேல் தனி ஆள் அல்ல. எண்ணாகமம் 34:20இல் சிமியோன் கோத்திரத்துப் பிரபு ஒருவருக்கும், 1 நாளாகமம் 7:2இல் தோலாவின் மகனுக்கும் எபிரெயத்தில் இதே பெயர்.

'கடவுளின் பெயர்' என்று ஒரு மனிதனுக்குப் பெயரா, வழவழவென்று இருக்கிறதே என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாபிலோனிய மொழியில் 'ஷுமு' என்பதற்குப் பெயர் என்பதோடு சந்ததி, வாரிசு என்ற பொருளும் உண்டு. தன் பேரை நினைக்கச் செய்ய மகன் இல்லையே என்றுதான் தாவீது அரசனின் மகன் அப்சலோம் தனக்குத் தானே தூண் நாட்டிக்கொள்கிறான். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'பேர் சொல்ல ஒரு பிள்ளை' என்கிறோம். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் பெயரன், பேரன். அந்த வழியில் போனால் சாமுவேல் 'கடவுளின் பேர் சொல்லும் பிள்ளை' என்ற அருகிலாவது வந்து நிற்கிறான்.

ஏழாம் படி: பெயர் நம்மிடம் வந்த பாதை

பொருளுக்கு இது கட்டாயமில்லை, ஆனால் விட மனம் வரவில்லை.

கிரேக்கத்தில் 'ஷ' கிடையாது. ஆகவே ஷீன் 'ஸ' ஆனது. எபிரெயத்தின் அரைகுறை முதல் உயிர் முழு 'அ' ஆகி, 'ஸமூஏல்'. ஷ்லோமோ சாலொமோன் ஆனதும் இதே தடத்தில். லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்க 'சாமுவெல்'. எபிரெயத்தில் கண்ணிமைக்கும் நேரம்கூட நில்லாத அந்த உயிர், தமிழில் 'சா' என்று இரண்டு மாத்திரைக்கு நிமிர்ந்து நிற்கிறது.

கடைசியில் இருக்கும் 'வே' எங்கிருந்து வந்தது? எபிரெயத்தில் அங்கே வகரம் இல்லை; வௌ என்ற எழுத்து அந்த இடத்தில் 'ஊ' என்ற உயிரைத்தான் குறிக்கிறது. விடை நன்னூலில் இருக்கிறது. "இ ஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்" என்ற உடம்படுமெய்ச் சூத்திரத்தைப் பள்ளியில் ஒப்பித்திருப்போம். சாமு + ஏல், உகரத்துக்குப் பின் வகரம்: சாமுவேல். தானி + ஏல், இகரத்துக்குப் பின் யகரம்: தானியேல். யோ + ஏல்: யோவேல். இம்மானுவேல், எசேக்கியேல் எல்லாம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. இஸ்ரவேலும் அப்படியே, திருவிவிலியத்தில் 'இஸ்ரயேல்' என்று யகரம் போட்டிருப்பது மட்டும் நன்னூல் எழுதிய பவணந்தியாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியது. ஆக, சாமுவேலில் இருக்கும் வேல் முருகன் கை வேலல்ல. சக்திவேலும் சாமுவேலும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தாலும் உறவில்லை.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இந்தப் பெயருக்கு நல்ல கைராசி. தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). இஸ்லாமிய மரபிலும் அவருக்கு இடமுண்டு. குர்ஆன் 2:246 பெயர் சொல்லாமல் குறிப்பிடும் நபியை விரிவுரையாளர்கள் பலர் ஷம்வீல் என்று அடையாளம் காண்கிறார்கள். அவருடைய கல்லறை என்று மரபு காட்டும் நபி சம்வீல், எருசலேமுக்கு வடக்கே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. யூதரும் முஸ்லிம்களும் அங்கே போகிறார்கள்.

இனி அழைப்பிதழில் என்ன போடுவது?

எழுத்துப்படி பொருள் வேண்டுமென்றால் 'கடவுளின் பெயர்'. பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை என்றால், அன்னாளின் வசனத்தையே போடுங்கள், "கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்" என்று, அதிகார எண்ணோடு. அது அகராதிப் பொருளாக நிற்காது. ஒரு தாயின் வார்த்தையாக நிற்கும், அதற்கு அகராதியின் அனுமதி தேவையில்லை. 'கடவுள் கேட்டார்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கை பழக இன்னொன்றைச் செய்து பார்க்கலாம். இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர்: வேதநாயகம் சாமுவேல் அசரியா. அந்தக் கடைசிப் பெயரைப் பிரியுங்கள். ஆயின், சாயின், ரேஷ், பிறகு யா. முதல் மூன்றும் 'உதவுதல்' என்ற வேர். 'யா உதவினார்'. அதே மூன்று எழுத்து நம் ஊர்களில் எத்தனையோ வீட்டு வாசலில் பளிங்கில் வெட்டியிருக்கிறது: எபெனேசர். 'எபென்' கல், 'ஏசெர்' உதவி. முதலாம் சாமுவேல் 7:12இல், மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று காரணம் சொல்லி அந்தப் பெயரை வைத்தவர் யார் தெரியுமா? சாமுவேல்தான். இந்தமுறை சொன்ன காரணமும் எழுத்தும் ஒரு புள்ளி பிசகாமல் பொருந்துகின்றன.